இரண்டு நாற்பத்து நான்குகள்

பத்திரிகை அலுவலகங்களில் ஞாயிறு இரவு ஒரு விசித்திரமான இரவு. அமைச்சுக்கள் பூட்டிக் கிடக்கும். நீதிமன்றச் செய்தி இராது. திங்கட்கிழமைப் பத்திரிகையின் முன்பக்கத்துக்குத் தலைப்புச் செய்தி தேடிச் செய்தி ஆசிரியர் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். விளையாட்டுப் பக்கத்தின் நிலைமையோ இதற்கு நேர்மாறானது. வார இறுதியில் உலகெங்கும் நடந்து முடிந்த போட்டிகள் யாவும் அந்த ஓர் இரவிலேயே வந்து குவியும். எதைப் போடுவது என்பதைவிட எதைப் போடாமல் விடுவது என்பதே அங்கு பெரும் பிரச்சினை. நானும் பல ஞாயிறு இரவுகளில் பல செய்திகளைப் போடாமல் விட்டிருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவற்றை மறுநாளே மறந்தும் விட்டேன். ஒன்றை மாத்திரம் மறக்க இயலவில்லை.

2012 மே 13ஆம் திகதி இரவு அது. இங்கிலாந்து பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்தின் இறுதி நாள். பத்துப் போட்டிகளும் ஒரே வேளையில், எமது நேரப்படி இரவு 7.30க்கு ஆரம்பமாகின. மன்செஸ்டர் யுனைடெட் சண்டர்லாந்தில் 1–0 என்று வென்றுவிட்டுக் காத்திருந்தது. மன்செஸ்டர் சிட்டியோ தனது சொந்த மைதானத்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியிடம் 90 நிமிடங்கள் நிறைவடைந்தபோது 1–2 எனப் பின்தங்கியிருந்தது. அதன் பின்னர் நடந்ததை உதைபந்தாட்டம் பார்க்காதவர்களும் அறிவார்கள். உபாதைகளுக்காக வழங்கப்பட்ட மேலதிக நிமிடங்களில் எடின் செக்கோ ஒரு கோல் போட்டார். 94ஆவது நிமிடத்தில் சேர்ஜியோ அகுவேரோ இன்னொன்று போட்டார். கோல் வித்தியாசத்தில் சிட்டி சம்பியன். ஆசிரியபீடத்தில் இருந்த ஒரேயொரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் அச்சுக்கூடத்துப் பையன்கள் உட்பட முழு அலுவலகமும் கூடி நின்று கூச்சலிட்டது. சிட்டி கழகம் அதற்கு முன்னர் சம்பியனாகியது 1968இல். ஆகவே தலைப்புக்கு நான் யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை: 44 ஆண்டுகளின் பின்னர் மன்செஸ்டர் சிட்டி சம்பியன்.

அந்தக் கூச்சலுக்குள் சேராமல் தனது மேசையிலேயே இருந்தவர் ஒருவர். எமது பத்திரிகையின் மூத்த உதவி ஆசிரியர். வயதில் எனக்கு மூத்தவர். பதவியில் எனக்குக் கீழே. நான் அவரை அண்ணை என்றே அழைப்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், கோபம் வந்தால் மாத்திரம் 'எடிற்றர்' என்பார். தமது பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை. ஆதலால் இங்கும் அதைத் தவிர்க்கிறேன். அவர் பி.பி.சி. வானொலிக் காலத்திலிருந்தே ஆர்சனல் கழகத்தின் அனுதாபி. அன்றிரவு அவர் கண் வைத்திருந்தது வெஸ்ட் ப்ரொம்விச் அல்பியன் – ஆர்சனல் போட்டியின் மீது.

தலைப்பை எழுதி முடித்தபோது அண்ணை ஒரு தாளைக் கொண்டுவந்து எனது மேசையில் வைத்தார். எட்டு வரிகள். பெட்டிச் செய்தியாகப் போடலாம் என்றார். ஆர்சனலின் உதவி முகாமையாளர் பெட் ரைஸ் இன்றைய போட்டியுடன் ஓய்வுபெறுகிறார் என்பது செய்தி. வீரராகவும் பயிற்றுநராகவும் அவர் அந்தக் கழகத்துடன் கழித்த காலம் 44 ஆண்டுகள்.

"அண்ணை, ஒரே பக்கத்தில ரெண்டு நாற்பத்து நாலு வந்தால் வாசகர் பிழையெண்டு நினைப்பினம்" என்றேன்.

"ரெண்டும் உண்மைதானே, தம்பி."

"உண்மைதான். இடமில்லை."

அவர் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் எமக்குள் நடந்த வாக்குவாதம்.

பெட் ரைஸ் என்ற பெயர் எமது வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஆர்சனல் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அவருடைய முகத்தையாவது அறிந்திருப்பார்கள். நெடிய, ஒல்லியான, பேராசிரியரைப் போன்ற தோற்றமுடைய ஆர்சீன் வெங்கர் எழுந்து நிற்கும்போதெல்லாம் அவருக்கருகில், கழகத்தின் பயிற்சி உடையில், நரைத்த தலையுடன் ஒருவர் நிற்பாரே, அவர்தான். 1949 மார்ச் 17இல் பெல்ஃபாஸ்டில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். கில்லெஸ்பி வீதியில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தவர். ஆர்சனலின் பழைய ஹைபரி மைதானம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அவ்விடத்து நிலக்கீழ் ரயில் நிலையத்துக்குக்கூட முதலில் கில்லெஸ்பி வீதி என்றே பெயர் இருந்தது. 1932இல் அதனைக் கழகத்தின் பெயரால் மாற்றினார்கள். மரக்கறி நிறுத்த அந்தப் பையன் 1964இல் ஆர்சனலில் பயிலுநராகச் சேர்ந்தான்.

பெரும் திறமைசாலி என்று அவரை எவரும் கூறியதில்லை. முதல் அணியில் நிரந்தர இடம் கிடைப்பதற்கு 1970 வரை காத்திருந்தார். பீட்டர் ஸ்டோரி நடுக்களத்துக்கு மாற்றப்பட்டதனால் வலது பின்கள இடம் காலியாகியது. அதில் நுழைந்தவர் பின்னர் வெளியேறவில்லை. அந்தப் பருவகாலத்திலேயே, 1971இல், ஆர்சனல் தனது வரலாற்றில் முதல் தடவையாக லீக் சம்பியன் பட்டத்தையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் ஒன்றாக வென்றது. அவர் ஆர்சனலுக்காக 528 போட்டிகளில் விளையாடினார். வட அயர்லாந்துக்காக 49 போட்டிகள். ஐந்து எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டிகள்: 1971, 1972, 1978, 1979, 1980. இவற்றில் மூன்றில் தோல்வி.

வென்ற இரண்டில் 1979ஆம் ஆண்டுப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அணித்தலைவர் ரைஸ். எதிரணி மன்செஸ்டர் யுனைடெட். 85 நிமிடங்கள் வரை ஆர்சனல் 2–0 என முன்னிலை. பார்வையாளர்கள் எழுந்து வெளியேறத் தொடங்கிவிட்டனர். அதன் பின்னர் இரண்டு நிமிட இடைவெளியில் யுனைடெட் இரண்டு கோல்களைப் போட்டுச் சமன் செய்தது. ஆர்சனல் உடைந்துபோக வேண்டிய தருணம். லியம் பிரேடி பந்தைக் கொண்டு போனார், இடது பக்கத்திலிருந்து கிரஹம் ரிக்ஸ் உயர்த்தி அடித்தார், அலன் சண்டர்லாந்து ஓடிவந்து வலைக்குள் தள்ளினார். 3–2. வெம்ப்ளியின் படிகளில் ஏறிச் சென்று கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டவர் அந்த மரக்கறிக் கடைப் பையன். அண்ணை இப்போட்டியைச் சொல்லும் விதத்தைக் கேட்டால் அவரே வெம்ப்ளியில் இருந்தார் என்று நினைப்பீர்கள். அவர் அப்போது இலங்கையில் ஒரு வானொலிப் பெட்டியின் முன்னால் இருந்தார்.

1980இல் ரைஸ் வட்ஃபோர்ட் கழகத்துக்குச் சென்றார். அங்கும் தலைவராக இருந்து 1982இல் அந்த அணியை முதலாம் பிரிவுக்கு உயர்த்தினார். 1984இல் திரும்பி வந்தார். இம்முறை ஆர்சனல் இளைஞர் அணியின் பயிற்றுநராக. பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். இளைஞர்களுக்கான எஃப்.ஏ. கிண்ணத்தை 1988இலும் 1994இலும் அவருடைய பையன்கள் வென்றனர். முகாமையாளர்கள் வந்தனர், போயினர். 1971இல் தம்முடன் ஒன்றாக விளையாடிய ஜோர்ஜ் கிரஹம் முதல் அணியின் முகாமையாளராகி இரண்டு தடவை லீக் பட்டம் வென்றபோதும், ரைஸ் பையன்களுடனேயே நின்றார். அதைக் குறித்து அவர் மனதில் என்ன இருந்ததோ நான் அறியேன்.

1996இல் கழகம் குழம்பிப்போயிற்று. பருவகாலம் ஆரம்பிக்கச் சில நாள்களே இருந்த வேளையில் முகாமையாளர் புரூஸ் ரியோக் நீக்கப்பட்டார். தற்காலிகமாகப் பொறுப்பேற்ற ஸ்டுவர்ட் ஹூஸ்டன் செப்டெம்பர் நடுப்பகுதியில் விலகி வேறு கழகத்துக்குச் சென்றார். வரவிருந்த பிரெஞ்சுக்காரரோ இன்னமும் ஜப்பானில் நகோயா கழகத்துடனான தமது ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தவர் ரைஸ் ஒருவரே. அவரிடம் சாவியைக் கொடுத்தார்கள். அவர் பொறுப்பிலிருந்த நாள்களில் லீக்கில் மூன்று போட்டிகள் நடைபெற்றன. மூன்றிலும் ஆர்சனல் வென்றது. ஐரோப்பிய யூ.ஈ.எஃப்.ஏ. கிண்ணத்துக்காக ஜேர்மனியில் நடைபெற்ற போட்டியில் 2–3 எனத் தோற்றது. லீக் போட்டிகளில் முதலாவதான ஷெஃபீல்ட் வென்ஸ்டே அணிக்கெதிரான ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, எவருக்கும் அதிகம் தெரியாத ஓர் உயரமான இளைஞர் மாற்று வீரராக இறக்கப்பட்டார். ஆட்டம் 4–1 என முடிந்தது. அந்த இளைஞர் பற்றிக் வியேரா. ஆர்சனலின் அடுத்த ஒன்பது ஆண்டுகளின் முதுகெலும்பு, ரைஸின் பொறுப்பிலிருந்த ஒரு மாலையில் முதன்முறையாகக் களமிறங்கியது என்பது பலர் கவனிக்காத செய்தி.

ஒக்டோபர் முதலாம் திகதி வெங்கர் வந்து சேர்ந்தார். லண்டனின் பத்திரிகைகள் யார் இந்த மனிதர் என்று கேலி செய்தன. எமது தொழிலின் தீர்க்கதரிசனம் எத்தகையது என்பதற்கு அது ஓர் உதாரணம். வெங்கர் இங்கிலாந்தை அறியாதவர். இங்கிலாந்தின் வீரர்களோ, சாப்பாட்டு மேசையிலிருந்து உறக்கம் வரை அனைத்தையும் மாற்றச் சொல்லும் ஓர் அந்நியரை அறியாதவர்கள். இவ்விரு தரப்புக்கும் இடையில் ஒரு மனிதர் தேவைப்பட்டார். ரொனி அடம்ஸ் முதலிய பழைய வீரர்களைச் சிறுவர்களாகவே அறிந்திருந்த, கழகத்தின் பழக்க வழக்கங்களையெல்லாம் உடம்பில் சுமந்திருந்த ஒருவர். வேறு எந்த முகாமையாளரும் தமது சொந்த ஆளை அழைத்து வந்திருப்பார். வெங்கர் ரைஸை வைத்துக்கொண்டார். ஒரு நல்ல தலைவனின் முதல் அறிகுறி தான் வந்து சேர்வதற்கு முன்னரே அங்கு இருந்தவரை மதிப்பதுதான் என்பது எனது கருத்து. நான் அவ்வாறு நடந்துகொண்டேனா என்பது வேறு விடயம்.

பதினாறு பருவகாலங்கள். மூன்று லீக் பட்டங்கள், நான்கு எஃப்.ஏ. கிண்ணங்கள். 2003–04இல் 38 லீக் போட்டிகளில் ஒன்றிலும் தோற்காத அணி. 2006இல் பாரிஸில் பார்சிலோனாவிடம் இழந்த ஐரோப்பிய இறுதிப் போட்டி. ஆர்சனல் லீக் பட்டத்தையும் கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் வென்றது மூன்று தடவைகள்: 1971, 1998, 2002. ரைஸ் முதலாவதில் வீரர், ஏனைய இரண்டிலும் உதவி முகாமையாளர். புகைப்படங்களில் அவரைத் தேட வேண்டும். தேடினால் இருப்பார்.

உதவியாளர் என்ற இந்தப் பதவியைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு. உதவியாளர்களில் இரு வகையினர். முகாமையாளருக்கு உரியவர் ஒருவகை. அவருடன் வந்து அவருடனேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். கழகத்துக்கு உரியவர் மற்ற வகை. முகாமையாளர்கள் மாறுவார்கள், அவர் இருப்பார். லிவர்பூலில் ரொனி மொறன் இருந்தார். 1949இல் பள்ளிச் சிறுவனாகக் கழகத்துக்குள் நுழைந்தவர் 1998இல்தான் வெளியே வந்தார். ஷாங்க்லி, பெய்ஸ்லி, ஃபேகன், டல்கிலிஷ், சூனெஸ், எவன்ஸ் என்று ஆறு முகாமையாளர்களின் கீழ் பயிற்றுநராகக் கடமையாற்றியவர். லீக் பட்டம் வென்றதற்கான பதக்கங்கள் வந்து சேர்ந்தால், அந்தப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, தகுதியுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்பாராம். அடுத்த மூச்சிலேயே அடுத்த பருவகாலத்தின் பயிற்சியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவாராம். 1992 கிண்ண இறுதிப் போட்டியில், முகாமையாளர் சூனெஸ் இருதய சத்திர சிகிச்சையிலிருந்து தேறிவந்துகொண்டிருந்ததால், அணியை வெம்ப்ளி மைதானத்துக்குள் அழைத்துச் சென்றவர் மொறன். மன்செஸ்டர் யுனைடெட்டில் ஜிம்மி மேர்பி இருந்தார். 1958 பெப்ரவரியில் மியூனிச்சில் விமானம் விழுந்தபோது, வேல்ஸ் தேசிய அணியின் கடமையில் இருந்ததனால் அவர் அதில் பயணிக்கவில்லை. மற் பஸ்பி ஜேர்மனிய வைத்தியசாலையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, எஞ்சிய பையன்களையும் அங்குமிங்குமாகத் திரட்டியவர்களையும் கொண்டு ஓர் அணியை உருவாக்கி, அதே ஆண்டு கிண்ண இறுதிப் போட்டி வரை அழைத்துச் சென்றார். பஸ்பி திரும்பி வந்ததும் மேர்பி தமது பழைய நாற்காலிக்குப் போனார்.

லிவர்பூலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொறனும் அவரது தோழர்களும் போட்டிக்குப் பின்னர் கூடியிருந்து பேசுவது அன்ஃபீல்ட் மைதானத்தில் காலணிகள் வைக்கும் ஒரு சிறிய அறையில். லிவர்பூலின் வெற்றிகளெல்லாம் அந்த அறையில் சமைக்கப்பட்டவை என்பார்கள். 1993இல் அதை இடித்தார்கள். எதற்காக என்றால், பத்திரிகையாளர்களுக்கு ஓர் அறை கட்டுவதற்காக. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னர் வரவில்லை.

மீண்டும் ரைஸின் கடைசிப் பருவகாலத்துக்கு வருவோம். 2011 கோடையில் செஸ்க் ஃபப்ரிகாஸ் பார்சிலோனாவுக்குச் சென்றார். சமிர் நஸ்ரி மன்செஸ்டர் சிட்டிக்குச் சென்றார். ஓகஸ்ட் 28ஆம் திகதி ஓல்ட் ட்ரஃபோர்டில் ஆர்சனல் 2–8 என்று தோற்றது. 1896ஆம் ஆண்டின் பின்னர் அந்தக் கழகம் சந்தித்த மிக மோசமான தோல்வி அது. முதல் ஏழு லீக் போட்டிகளில் நான்கில் தோல்வி. வெங்கருக்கருகில் அமர்ந்திருந்த ரைஸின் முகத்தை அந்நாள்களில் கமரா அடிக்கடி காட்டியது. அவர் தலைவரை மறுத்துப் பேசாதவர், ஆமாம் போடுபவர் என்ற குற்றச்சாட்டும் அவ்வேளையில் ஆதரவாளர்களிடையே இருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டாம் இடத்தில் இருப்பவர் முதலாம் இடத்தில் இருப்பவரை மறுப்பது மூடிய கதவுக்குள். சில வேளைகளில் ஒரேயொரு வசனத்தில். வெளியே நிற்பவர்களுக்கு அது கேட்பதில்லை. கேட்காததை இல்லாதது என்று முடிவு கட்டுவது எளிது.

அந்த அணி மெல்ல மெல்ல எழுந்து வந்து, மே 13ஆம் திகதி மூன்றாம் இடத்துக்காக விளையாடியது. வெஸ்ட் ப்ரொம்விச் மைதானத்தில் நான்காவது நிமிடத்திலேயே யோசி பெனயூன் கோல் போட்டார். 15 நிமிடங்கள் முடிவதற்குள் எதிரணி 2–1 என முந்தியது. அந்தரே சந்தோஸ் சமன் செய்தார். இரண்டாம் பாதியில் லோரன்ட் கொஸியல்னி மூன்றாவது கோலைப் போட்டார். ஆர்சனலின் கோல்களுக்குப் பெரிதும் கைகொடுத்தவை வெஸ்ட் ப்ரொம்விச் கோல் காப்பாளர் மார்டன் ஃபுலொப் விட்ட தவறுகளே. இறுதிக் கணங்களில் கியரன் கிப்ஸ் சறுக்கி விழுந்து தடுத்திராவிட்டால் எல்லாம் கைநழுவிப் போயிருக்கும். 3–2. ஆர்சனலுக்கு 70 புள்ளிகள். அயல் வீட்டு டொட்டன்ஹாமுக்கு 69. ஆறு நாள்களின் பின்னர் செல்சி ஐரோப்பிய சம்பியனாகியதால் நான்காம் இடத்துக்குரிய ஐரோப்பிய வாய்ப்பு டொட்டன்ஹாமிடமிருந்து பறிபோனது. அந்த ஒரு புள்ளியின் பெறுமதி அத்தகையது.

ஆனால் அன்று உலகம் பார்த்துக்கொண்டிருந்தது மன்செஸ்டரை. போதாக்குறைக்கு, ரைஸ் விடைபெற்ற அதே மைதானத்தில் அதே வேளையில் வெஸ்ட் ப்ரொம்விச் முகாமையாளர் ரோய் ஹொட்ஜ்சனும் விடைபெற்றார். இங்கிலாந்து தேசிய அணியைப் பொறுப்பேற்கச் செல்லும் மனிதர். பிரியாவிடைக் கரகோஷத்தின் பெரும்பகுதி இயல்பாகவே அவருக்குரியதாயிற்று. நாற்பத்து நான்கு ஆண்டுகளின் கடைசி நாளில்கூட ரைஸ் இரண்டாம் மனிதராகவே இருந்தார்.

அவர் போனதன் தாக்கம் என்ன? இங்குதான் நான் நேர்மையாக இருக்க வேண்டும். புள்ளிவிபரங்களைப் பார்த்தால் ஆர்சனல் முன்னேறியது. அவரது கடைசிப் பருவகாலத்தில் லீக்கில் 49 கோல்களை விட்டுக்கொடுத்த அணி, அடுத்த பருவகாலத்தில் 37ஐ மாத்திரமே விட்டுக்கொடுத்தது. ரைஸின் இடத்துக்கு வந்தவர் ஸ்டீவ் போல்ட். 1988 முதல் 1999 வரை அதே கழகத்தின் பின்களத்தில் நின்றவர். புதிய பருவகாலத்தின் முதல் மூன்று லீக் போட்டிகளில் ஆர்சனலுக்கு எதிராக ஒரு கோலும் விழவில்லை. பத்திரிகைகள் போல்டைத் தூக்கிப் பிடித்தன. புகழ் சற்று விரைவாகவே வழங்கப்பட்டது என்பது வேறு விடயம். 2005இன் பின்னர் கிண்ணமே காணாதிருந்த வெங்கர், 2014, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றார். ஆகவே ரைஸ் போனதால் கழகம் சரிந்தது என்று எழுத முடியாது. அப்படி எழுதினால் அண்ணை முதல் ஆளாக அடித்து வெட்டுவார்.

ஆயினும் அட்டவணையில் வராத ஒன்றுண்டு. 1971ஐ நேரில் கண்டவர், ஹைபரியின் தெருவில் வேலை செய்தவர் அதன் பின்னர் முதல் அணியுடன் இல்லை. கழகம் 2006இல் ஹைபரியை விட்டுப் புதிய மைதானத்துக்குப் போனபோது கட்டடம் போயிற்று. கட்டடத்தைத் தெரிந்த மனிதர் இருந்தார். 2012இல் அவரும் போனார். இன்று பெரிய கழகமொன்றில் பயிற்றுநர்களின் பெயர்ப் பட்டியல் விளையாடும் பதினொருவரின் பட்டியலைவிட நீளமாக இருக்கிறது. மூலை உதைக்கு ஒருவர், எறிபந்துக்கு ஒருவர் என்றுகூட வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். முகாமையாளர் போனால் அவர்களும் போய்விடுவார்கள். போல்ட் 2021 வரை கழகத்தில் இருந்தார். அவருடன் அந்தச் சங்கிலி அநேகமாக அறுந்துவிட்டது. அநேகமாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ரைஸின் கடைசிப் பருவகாலத்தில் ஆர்சனலுக்குப் புதிதாக வந்த ஒரு நடுக்கள வீரர் மிகெல் ஆர்டெட்டா. 2019 டிசெம்பரில் அவரே முகாமையாளராகத் திரும்பி வந்தார். ஓராண்டு காலமேனும் அந்த முதியவரைப் பார்த்திருக்கிறார்.

எமது அலுவலகத்துக்கு வருகிறேன். அந்த ஆண்டு இறுதியில் அண்ணை ஓய்வுபெற்றார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல். ஆசிரியர்களாகப் பலரைப் பார்த்தவர். யுத்த காலத்தில் செய்திகளைத் தணிக்கைக்கு அனுப்பி, வெட்டப்பட்டு வந்த தாள்களில் மிஞ்சியதை வைத்து விடிவதற்குள் ஒரு பத்திரிகை ஆக்கியவர். ஊரடங்கு இரவுகளில் மேசையில் பழைய பத்திரிகைகளை விரித்து அவற்றின் மேல் படுத்தவர். கடைசி நாளன்று கேக் வெட்டினோம். நான் சில வார்த்தைகள் பேசினேன். பத்திரிகையில் ஒரு வரியும் எழுதவில்லை. எமது வழக்கம் அதுவல்ல என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். எமது வழக்கம் எது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் இருந்தவன் நான்தான்.

அவர் போன மறுநாள் பத்திரிகை வழமைபோல வெளிவந்தது. ஒரு வாரம் வந்தது. ஒரு மாதமும் வந்தது. விற்பனையில் மாற்றமில்லை. பின்னர் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. ஒரு மரண அறிவித்தலில் காலஞ்சென்றவரின் பெயருக்குப் பதிலாக அவருடைய உயிரோடிருக்கும் சகோதரரின் பெயர் வந்துவிட்டது. மன்னார் செய்தியொன்றில் ஊர்ப் பெயர் மாறி, இல்லாத ஊரில் வெள்ளம் வந்தது. ஒரு முன்னாள் அமைச்சரின் கட்சி பதினைந்து ஆண்டுகள் பிந்திப் போயிற்று. ஒவ்வொன்றும் சிறு பிழை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர், "அண்ணை இருந்திருந்தால்" என்று தொடங்கி, வசனத்தை முடிக்காமல் விட்டார். அவர் பதவியிலிருந்த காலத்தில் இப்படி எத்தனை பிழைகளைப் பிடித்தார் என்பதற்குக் கணக்கில்லை. பிடிபட்ட பிழை அச்சில் வராது. வராததை யாரும் எண்ணுவதில்லை. அவருடைய இடத்துக்கு ஒரு பட்டதாரி இளைஞரை நியமித்தோம். நல்ல பையன். இப்போது என்னைவிட நன்றாகப் பக்கம் பார்க்கிறார்.

சென்ற மாதம் வேறொரு விடயத்துக்காகப் பழைய பத்திரிகைக் கோவைகளைப் புரட்டியபோது 2012 மே 14ஆம் திகதிய விளையாட்டுப் பக்கம் கண்ணில் பட்டது. அகுவேரோ சட்டையைக் கழற்றிச் சுழற்றும் படம் நான்கு பத்தி அகலத்தில் கிடந்தது. கீழே வலது மூலையில் எட்டு வரி இடத்தில், அந்த வார இறுதியில் நடந்த ஏதோ ஒரு பாடசாலைப் போட்டியின் அறிவித்தல் இருந்தது. அது புதன்கிழமை வந்திருந்தாலும் குடி முழுகியிராது. இடம் இருந்திருக்கிறது.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் இப்போது ஊரோடு இருக்கிறார். கண் பார்வை குறைந்துவிட்டது. வாசித்துக் காட்டச் சொன்னார். அவரைப் பற்றிய பகுதிகளை விழுங்கிவிட்டு, ரைஸைப் பற்றியதை மாத்திரம் வாசித்தேன். இடையில் ஒரு தடவை நிறுத்தினார். தற்காலிகப் பொறுப்பில் இருந்தபோது ரைஸ் எல்லாப் போட்டிகளிலும் வென்றார் என்று நான் எழுதியிருந்தேன்.

"எல்லாம் இல்லைத் தம்பி. லீக்கில மூண்டு. ஜேர்மனியில தோத்தது."

திருத்திக்கொள்வதாகச் சொன்னேன். தொடர்ந்து வாசித்தேன். வெஸ்ட் ப்ரொம்விச் போட்டி வந்தபோது மீண்டும் நிறுத்தினார்.

"அந்தக் கோல் கீப்பர் பெடியன் பிறகு செத்துப்போனான். தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன். மார்டன் ஃபுலொப், ஹங்கேரி நாட்டவர், புற்றுநோயினால் 2015 நவம்பரில் காலமானார். வயது 32.

"அவனைப் பற்றி அந்த வசனத்தைக் கொஞ்சம் மெல்லமா எழுதும்" என்றார் அண்ணை.

கோமாளித்தனமான தவறுகள் என்று எழுதியிருந்தேன். 'கோமாளித்தனமான' என்ற சொல்லை வெட்டிவிட்டேன்.